‘ஆப்பரேஷனல் கன்ட்ரோல்’: ஏவுரிமை எனலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானில் நிலைகொண்டிருந்த பிரித்தானியக் காமன்வெல்த் ஆக்கிரமிப்புப் படையைப் பற்றிக் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றை எழுதிவருகிறேன். (ஆக்கிரமிப்பு என்றதும் ஏரிப் புறம்போக்கில் எழும்பிய வீடுகள் நினைவுக்கு வருவது நம் காலத்துக் கோளாறு; அச்சொல்லைப் பிறிதொரு மடலில் பார்ப்போம்.) படையை முழுமையாக ஆளும் அதிகாரமான ‘கமாண்ட்’, அதைக் குறிப்பிட்ட பணிகளில் ஈடுபடுத்தும் அதிகாரம் மட்டுமான ‘ஆப்பரேஷனல் கன்ட்ரோல்’ ஆகிய இரண்டையும் பிரித்துக் காட்டாவிட்டால் அந்தக் கட்டுரையில் பாதி விளங்காது. பின்னதற்கு இங்கே முன்மொழியப்பட்ட ‘செயற்பாட்டுக் கட்டுப்பாடு’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சொல்லுமுன் அந்தப் படையின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்திரேலியா, பிரிட்டன், இந்தியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாட்டினரும் அதில் இருந்தனர். உச்ச அளவில் ஏறத்தாழ 40,000 பேர். முதலில் நார்த்கோட், 1946-இல் அவருக்குப் பின் ராபர்ட்சன் என ஆஸ்திரேலியத் தளபதிகளே தலைமை ஏற்றனர். ஆனால் 1945 டிசம்பரில் நார்த்கோட்டும் ஜப்பானில் நேச நாடுகளின் உச்சத் தளபதியாக இருந்த அமெரிக்கர் மக்ஆர்தரும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, படையைப் பணிகளில் ஈடுபடுத்தும் அதிகாரம் அமெரிக்க எட்டாவது படையின் தளபதி ஐக்கெல்பெர்கருக்குச் சென்றது. நிருவாகமோ, நான்கு நாடுகளின் சார்பாளர்களும் அமர்ந்த மெல்பர்ன் தலைமைத் தளபதிகள் குழுவிடம் இருந்தது. ஜப்பானியரை ஆளும் இராணுவ ஆட்சிப் பணி முழுவதையும் அமெரிக்கரே வைத்துக்கொண்டனர்.

இப்போது ஷிமானே மாவட்டத்தில் இருந்த இந்தியச் சிப்பாய் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் 268-ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிகேடைச் சேர்ந்தவர். பிரிகேடை நடத்தியவர் திம்மையா. அவருக்கு மேலே, பிரிட்டிஷ் பிரிகேடு ஒன்றும் சேர்ந்த டிவிஷனின் தளபதி கவன். அவருக்கும் மேலே ஆஸ்திரேலியத் தளபதி. எந்த வட்டாரத்தில் சுற்றுக்காவல் போவது, எந்தக் கிடங்கிலுள்ள ஜப்பானிய வெடிபொருள்களை அழிப்பது என்ற பணிகளின் வரம்பை வகுப்பவர் யோகோஹாமாவில் இருக்கும் அமெரிக்கர். அந்தச் சிப்பாயின் சம்பளம், பதவி உயர்வு, விடுப்பு, குற்றம் செய்தால் விசாரணை ஆகிய எவற்றிலும் அந்த அமெரிக்கர் தலையிட முடியாது.

‘கட்டுப்பாடு’ பொருந்தாத இடம் இதுதான். ‘கட்டுப்பாடான படை’ என்றால் நாம் ஒழுங்கு தவறாத படையைத்தான் எண்ணுகிறோம். அமெரிக்கத் தளபதியின் கைக்கு வராமல், அந்தந்த நாட்டிடமே தங்கிவிட்டதும் அந்த ஒழுங்கதிகாரமே. அவரிடம் எது இல்லையோ அதையே பெயராகச் சூட்டுவது வாசகரை நேர் எதிர்த்திசையில் அனுப்பிவிடும்.

‘ஆப்பரேஷனல் கன்ட்ரோல்’ என்பதற்கு இலங்கை நண்பர் சொன்ன ‘களப் பணிப்பு’ பொருளில் பழுதற்றது. இயக்குநரைப் பணிப்பாளர் என்று நாள்தோறும் வழங்குவோருக்கு அது இயல்பாகவும் ஒலிக்கும். ஆனால் சேர்த்து எழுதினால் ‘களப்பணி’யோடு குழம்பும், தமிழ்நாட்டு வாசகர் அதைக் கணக்கெடுப்பு என்றே படிப்பார்.

ஆகவே ‘ஏவுரிமை’ என்று முன்மொழிகிறேன். ஏவுதல் என்பது ஒருவரை ஒரு வேலையின்மேல் செலுத்துவது. ஏவப்பட்டவர் ஏவியவருக்கே உரியவராக இருக்க வேண்டியதில்லை. உரிமை என்ற ஈறு, அந்த அதிகாரம் இரவலாக வந்தது, உடன்பாட்டின் எல்லைக்குள் நிற்பது என்பதைக் காட்டும். படை முழுவதையும் உடைமையாகக் கொண்ட நாட்டின் அதிகாரத்தை ‘முழுக் கட்டளையதிகாரம்’ எனலாம்.

ஏவுகணையும் ஏவூர்தியும் புழங்கும் நாளில் ஏவுரிமை என்றால் கணை ஏவும் உரிமம் என்று படிப்பார்களே என ஒருவர் கேட்கக்கூடும். தனித்து நிற்கும் தலைப்பில் அந்த இடர் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே மட்டும் ‘படை ஏவுரிமை’ என்று எழுதலாம்.

ஒரு நாட்டின் தரை, கடல், வான் படைகள் இணைவதைச் சொல்லும் ‘ஜாயின்ட்’, பல நாட்டுப் படைகள் இணைவதைச் சொல்லும் ‘கம்பைண்ட்’ இரண்டையும் ‘கூட்டு’ என்றே எழுதிவருவதையும் நிறுத்தலாம். முன்னதற்கு முப்படை, பின்னதற்குப் பன்னாட்டு என்ற அடைகள் கைவசம் உள்ளன.

கட்டுரை வாக்கியத்தை இப்போதைக்கு இப்படி அமைத்திருக்கிறேன்: “காமன்வெல்த் படை எட்டாவது அமெரிக்கப் படைத் தளபதியின் ஏவுரிமைக்கு உட்பட்டிருந்தது, அதன் உறுப்புப் படைகள்மீதான முழுக் கட்டளையதிகாரம் அந்தந்த நாடுகளிடமே இருந்தது.” ‘உட்பட்டிருந்தது’ என்பதைவிட ‘ஏவுரிமையில் இருந்தது’ நேராகப் படுகிறதா என்று இலக்கணம் அறிந்தோர் சொன்னால் திருத்திக்கொள்வேன்.