காலையில் போட்டால் ராத்திரிக்குள் இறங்கிவிடுமாம்!

பார்மசி அண்ணன், பீடோங்:
நம்ம ஊர் குழுக்களில் நேற்றிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. "பரீட்சை வாரத்துல காலை 8 மணிக்கு மொடாபினில் (தூக்க நோய்க்குக் கொடுக்கும் விழிப்பு மாத்திரை) 200 மி.கி. போடுங்க, நாள் முழுக்கப் படிக்கலாம், ராத்திரிக்குள்ள இறங்கிடும், கோப்பி மாதிரிதான்" என்று. பச்சைப் பொய். அந்த மருந்தின் அரை ஆயுள், அதாவது உடம்பில் பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 15 மணி நேரம். காலை 8க்குப் போட்டால் ராத்திரி 11க்கும் 100 மி.கி. உடம்பில் நிற்கும். அப்புறம் எப்படித் தூங்குவது? நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டு ஆன்லைனில் வாங்கினால் யார் பொறுப்பு?

சுங்கை லாலாங்கான்:
பேசினது நான்தான் அண்ணே. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் உங்க 100 தப்பு. மொடாபினிலில் ஆர், எஸ் என்று இரண்டு வகை மூலக்கூறு சரிபாதியாகக் கலந்திருக்கு. ஆர் வகைக்குத்தான் 15 மணி நேரம். எஸ் வகை 4, 5 மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். ராத்திரி 11க்கு ஆர் 50, எஸ் 12 சொச்சம். மொத்தம் 62. பார்மசியில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாதா?

பார்மசி அண்ணன், பீடோங்:
தெரியும் தம்பி. 62 இருந்தால் மட்டும் "இறங்கிடும்" ஆகிவிடுமா? அந்த 62 முதல் நாள் கணக்கு. தினமும் போட்டால் நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றையது ஏறும். 2 முதல் 4 நாளில்தான் ஒரு மட்டத்தில் நிற்கும். இன்னொன்று: உச்சத்துக்குப் போகவே 2 முதல் 4 மணி நேரம் ஆகும். நாசி லெமாக் சாப்பிட்டுப் போட்டால் மேலும் 1 மணி நேரம் தள்ளும். "ஒன்னும் ஏறலையே" என்று பையன் 11 மணிக்கு இன்னொன்றைப் போடுவான். அன்றைக்கு ராத்திரி பொட்டுத் தூக்கம் இருக்காது.

சுங்கை லாலாங்கான்:
சுற்றி வளைக்காதீங்க. 100 தப்பா இல்லையா?

கோப்பி ஓ கோசோங்:
இருவரும் மில்லிகிராமைப் பிடித்துத் தொங்குறீங்க. மார்க் ஏறுமா என்று யாரும் கேட்கவில்லை. 2023இல் மெல்பர்ன் பல்கலைக்கழகக்காரர்கள் ஆரோக்கியமான 40 பேரிடம் சோதித்தார்கள். மொடாபினில் 200, கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் (ரிட்டாலின்) 30, டெக்ஸ்ட்ரோஆம்பெடமின் 15 மி.கி.; இன்னொரு முறை வெறும் போலி மாத்திரை. எடை தாண்டாமல் அதிக மதிப்புள்ள பொருள்களைப் பைக்குள் நிரப்பும் புதிர் கொடுத்தார்கள். மருந்து போட்டபோது கூடுதலாக உழைத்தார்கள், பொருளை மாற்றி மாற்றி வைத்தார்கள், ஆனால் அந்த உழைப்பின் தரம் இறங்கியது.

சுங்கை லாலாங்கான்:
அது பை நிரப்பும் புதிர். எங்க பிள்ளைகள் எழுதுவது பரீட்சை. பகலில் வேலை, ராத்திரியில் படிப்பு என்று இருக்கிறவனுக்கு விழித்திருப்பதே பெரிய பாடு. தூக்கம் கெட்டவனை இந்த மருந்து விழிக்க வைக்கும், அதை யாரும் மறுக்க முடியாது.

கோப்பி ஓ கோசோங்:
விழித்து என்ன பயன்? படித்தது மண்டையில் பதிவது தூக்கத்தில்தான். கோப்பிக்கு அரை ஆயுள் சுமார் 5 மணி நேரம். நாளைக்கு 400 மி.கி. காஃபின் தாண்டாமல், சாயந்தரம் 4 மணிக்கு மேல் தொடாமல் இருந்தால் தூங்கவும் முடியும்.

பார்மசி அண்ணன், பீடோங்:
இன்னும் சொல்கிறேன். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு மொடாபினில் அதன் பலனைக் குறைக்கும். நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் நம்ப முடியாது. தோலில் கொப்புளம், வாயில் புண் வந்தால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் நேரே மருத்துவமனை. ஆன்லைனில் வருகிற அட்டையைத் திருப்பிப் பாருங்க. மலேசியாவில் பதிவான மருந்தென்றால் மால் (MAL) என்று தொடங்கி 8 இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து இருக்கும். அது இல்லாததில் உள்ளே மாவா மருந்தா, யாருக்குத் தெரியும்? ரிட்டாலினும் அப்படித்தான். சாதா மாத்திரை 3, 4 மணி நேரம் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகையை நொறுக்கி விழுங்கினால் நாள் முழுக்கப் போக வேண்டியது ஒரே நேரத்தில் ஏறி நெஞ்சு படபடக்கும்.

செம்பனை மாறன்:
இதுக்கு நம்ம கெத்தும் மரத்து இலையைக் காய்ச்சின தண்ணியே தேவலை. இலை, இயற்கை.

பார்மசி அண்ணன், பீடோங்:
மாறன், போன மாசம் கெத்தும் பேச்சு வந்தப்போதும் இதையேதான் சொன்னீங்க. அதில் இருக்கும் மித்ரஜினின் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தில் இருக்கு. பிடிபட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 4 ஆண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். தினமும் குடித்தவன் நிறுத்தினால் உடம்பு வலி, தூக்கமின்மை. பரீட்சைக்கு அதுவா?

செம்பனை மாறன்:
எங்க தாத்தா காலத்திலிருந்து குடிக்கிறாங்க. உங்க கடையில் வாங்கினால்தான் மருந்தா?

பார்மசி அண்ணன், பீடோங்:
என் கடையைப் பற்றிப் பேசாதீங்க. சுங்கை லாலாங் தம்பி, அந்த வாய்ஸ் மெசேஜை எப்போது நீக்குவீங்க?

சுங்கை லாலாங்கான்:
முதலில் மேலே 100ஐ 62 என்று மாத்துங்க. பிறகு பார்க்கலாம்.

பார்மசி அண்ணன், பீடோங்:
தினமும் போடுகிறவனுக்கு 62ம் கிடையாது என்று எழுதியாச்சு. படிங்க.