[கலைச்சொல்] வேற்றுலகத்தார் ஏன் வரவில்லை: அந்த 'வடிகட்டி'க்கு என்ன பெயர்?

அனுப்புநர்: ம. (அறிவியல் ஆசிரியை)

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தின் சுவரொட்டிகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. எட்டில் ஏழு முடிந்துவிட்டன. எட்டாவதன் தலைப்பு, 'வேற்றுலகத்தார் ஏன் இன்னும் நம்மோடு பேசவில்லை?' 1950இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி 'எல்லாரும் எங்கே?' என்று கேட்டதையும், 1960இல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் அங்குள்ள கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கியை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரு விண்மீன்கள் பக்கம் திருப்பி, யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுத்ததையும் எழுதிவிட்டேன். மாட்டிக்கொண்டது பொருளியலாளர் ராபின் ஹான்சனிடம்.

உயிரற்ற பொருளில் தொடங்கி விண்மீன்களெங்கும் பரவும் நாகரிகம் வரை ஒன்பது படிகளை அவர் அடுக்குகிறார். எங்கோ ஒரு படியில் ஏறக்குறைய எல்லாமே நின்றுவிடுகின்றன; அதனால்தான் வானம் அமைதியாக இருக்கிறது என்கிறார். அந்தத் தடைக்கு 1990களில் அவர் இட்ட பெயர் 'கிரேட் ஃபில்டர்'. 'பெரும் வடிகட்டி' என்று கரும்பலகையில் எழுதினேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "டீச்சர், அப்போ நாம வடிஞ்ச டீயா, மேல நிக்கிற சக்கையா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. நல்ல சொல் தாருங்கள்.

---

அனுப்புநர்: செ. (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

அம்மா, அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்து. முதலில் ஒரு திருத்தம்: பெயர்ச்சொல்லாக வரும்போது 'பெருவடிகட்டி' என்றே எழுதவேண்டும், 'பெரும் வடிகட்டி' அன்று.

அவள் கேட்டது நன்னூலார் கேட்டதுதான். 'அன்னம் ஆவே மண்ணொடு கிளியே, இல்லிக்குடம் ஆடு எருமை நெய்யரி' என்று மாணாக்கரை வகுத்தாரே, அந்த நெய்யரி, அதாவது பன்னாடை, நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். ஆக, அரித்தல் என்ற வினை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாவை அரிக்கிறோம், அரிசியில் கல் அரிக்கிறோம். பெருமை + அரி = பேரரி. மூன்றே எழுத்தில் முடிந்தது. இன்னொன்றும் தோன்றுகிறது: அரித்து எடுத்தால் எஞ்சுவது கொஞ்சம், கொஞ்சமாய் இருப்பது 'அரிது'. அரி, அரிசி, அரிவாள், அரிது எல்லாம் பிரித்தல் என்னும் ஒரே வேரின் கிளைகள். அறிவுடைய உயிர் அரிது என்ற கருத்தே சொல்லுக்குள் வந்துவிடுகிறது பாருங்கள்.

---

அனுப்புநர்: கு.

ஐயா, மன்னிக்க வேண்டும். 'அரிது' அருமை என்னும் பண்பின் வழி வந்தது. அங்கே வேர் 'அரு'. அருங்காலம், ஆருயிர், அரியது எல்லாம் அந்த வழி. அதை அரித்தலோடு கட்ட முடியாது. 'பேரரி' என்று சுவரொட்டியில் பார்க்கும் பிள்ளை பெரிய சிங்கம் என்றுதான் நினைக்கும். 'பேரரிப்பு' என்று நீட்டினால் சொறி மருந்து விளம்பரம் ஆகிவிடும்.

ஃபில்டர் காபி குடிக்காத வீடு உண்டா? 'பெரிய ஃபில்டர்' என்றே போடுங்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் புரியவேண்டும், அவ்வளவுதான்.

---

அனுப்புநர்: செ.

தம்பி, புரிவதற்காகவே எல்லாவற்றையும் கடன் வாங்கினால், அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி பிறந்தே இருக்காது. 'ஃபில்டர்' என்று எழுதியிருந்தால் அவள் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தமிழில் எழுதியதால்தான் டீயா சக்கையா என்று நினைத்துப் பார்த்தாள். அரிது பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். பேரரியை விடமாட்டேன்.

---

அனுப்புநர்: தி.

சொல்லுக்குப் போகுமுன் பொருளைப் பார்ப்போம். வடிகட்டி, அரி, சல்லடை மூன்றும் பொருள்களைப் பிரிக்கும் கருவிகள். ஹான்சன் சொல்வது காலத்தில் வரும் ஒரு நெருக்கடி. தப்பினால் மேலே போகலாம், தப்பாவிட்டால் முடிந்தது. இதற்கு நம் பாட்டிமார்களிடம் சொல் இருக்கிறது: கண்டம். "அவனுக்கு ஏழு வயசுல தண்ணியில ஒரு கண்டம், தப்பிச்சிட்டா தொண்ணூறு வரைக்கும் இருப்பான்." இதைவிடத் துல்லியமாக யார் சொல்ல முடியும்? என் முன்மொழிவு 'பெருங்கண்டம்'.

இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. கண்டம் தாண்டிவிட்டதா, இனிமேல்தானா என்று கேட்கலாம். இந்தத் துறையின் உயிரான கேள்வி அதுதான். பூமியில் ஏறக்குறைய 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நுண்ணுயிர்கள் வந்துவிட்டன. ஆனால் கருவுள்ள செல் தோன்ற அதற்குமேல் நூறு கோடி ஆண்டுகளுக்கும் அதிகமாக ஆயிற்று. ஒரு செல்லுக்குள் இன்னொரு நுண்ணுயிர் குடிபுகுந்து மைட்டோகாண்ட்ரியா ஆன அந்தச் சேர்க்கைதான் கண்டம் என்றால், நாம் தப்பியவர்கள். அணு ஆயுதமோ, நாமே உருவாக்கப்போகும் வேறொன்றோ என்றால் அது நமக்கு முன்னால் நிற்கிறது. செவ்வாயில் தனியாகத் தோன்றிய உயிரின் தடயம் கிடைத்தால் அது கெட்ட செய்தி என்று 2008இல் தத்துவ அறிஞர் நிக் போஸ்ட்ரம் எழுதியதும் இதனால்தான். உயிர் தோன்றுவது எளிது என்றாகிவிட்டால், கடினமான படி நமக்குப் பின்னால் இருக்கும் வாய்ப்பு குறைகிறது.

---

அனுப்புநர்: கு.

கருத்து அருமை, அண்ணா. ஆனால் எட்டாம் வகுப்பில் கண்டப்பெயர்ச்சி படித்த பிள்ளைக்குப் 'பெருங்கண்டம்' என்றால் எல்லாக் கண்டங்களும் ஒன்றாயிருந்த பாஞ்சியாதான்.

---

அனுப்புநர்: செ.

சோதிடச் சொல்லை அறிவியல் சுவரொட்டியில் ஏற்றுவதா? போதாததற்கு வடசொல் வேறு.

---

அனுப்புநர்: இ. (யாழ்ப்பாணம்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீடுகளில அரிக்கன் சட்டி என்று ஒரு மண்சட்டி இருந்தது. உள்பக்கம் வரிவரியாகக் கீறி இருக்கும். அரிசியைத் தண்ணீரோடு ஆட்டி ஆட்டி மற்றச் சட்டிக்கு ஊற்ற, கல்லும் மண்ணும் அந்த வரிகளில தங்கிவிடும். அம்மா செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஹான்சனின் தடை ஒரே படியாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. பல படிகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கினாலும் கடைசியில் கணக்கு ஒன்றுதான். அரிக்கன் சட்டி என்றால் தமிழ்நாட்டில் விளங்காது என்பது தெரியும். அதனால் 'பெருஞ்சல்லடை' என்று வைக்கலாம். இரண்டு கரையிலும் விளங்கும்.

---

அனுப்புநர்: வ. (இயற்பியல்)

பெயர் எதுவானாலும், சுவரொட்டியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். இந்த விவாதம் முழுவதும் 'தேடினோம், கிடைக்கவில்லை' என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. நாம் தேடியதே மிகக் குறைவு. கடலில் ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு பார்த்துவிட்டு மீனே இல்லை என்பதுபோல என்று, வேற்றுலகத்தாரைத் தேடும் வானியலாளர் ஜில் டார்ட்டர் சொல்வார். 2018இல் வானியலாளர் ஜேசன் ரைட்டும் உடனிருந்தவர்களும் இதுவரை தேடியது எவ்வளவு என்று கணக்கிட்டபோது குவளை சின்ன நீச்சல் குளம் ஆயிற்று. கடல் அப்படியே இருக்கிறது. நமது பால்வழி 1,00,000 ஒளியாண்டு அகலம்; நாம் வானொலி அலை பரப்பத் தொடங்கி ஒரு நூற்றாண்டு சொச்சம். சல்லடை என்று ஒன்று இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது.

---

அனுப்புநர்: செ.

வ. சொன்னதும் முதுகண்ணன் சாத்தனார் நினைவு வந்தது. ஞாயிற்றின் செலவையும், காற்று திரியும் திசையையும், வெறுமையாய் நிற்கும் ஆகாயத்தையும் 'சென்றளந்து அறிந்தோர் போல' இவ்வளவு என்று சொல்வோரும் உண்டு என்கிறார் (புறம் 30). 'போல' என்ற அந்த உவம உருபு ஒன்றுக்காகவே அப்பாட்டைப் பல ஆண்டு நடத்தியிருக்கிறேன். போகாமலே அளக்கிறோம். அளப்பதில் தவறில்லை, போகவில்லை என்பது நினைவிருந்தால் போதும். அம்மா, இடமிருந்தால் அந்த வரியைச் சுவரொட்டியில் சேருங்கள்.

---

அனுப்புநர்: ம.

எல்லாருக்கும் நன்றி. நாளைக் காலை அச்சகத்துக்குப் போகவேண்டும். எண்ணிப் பார்த்தேன்: பெருஞ்சல்லடைக்கு நான்கு பேர், 'பெரிய ஃபில்டர்' இரண்டு, பேரரி ஒன்று, பெருங்கண்டம் ஒன்று. 'பெருஞ்சல்லடை' என்றே போடுகிறேன். வ. ஐயாவின் குவளையும் குளமும் படமாகவே வருகின்றன. புறநானூற்று வரி அடியில் வருகிறது.

அந்தப் பிள்ளையிடம், "நாம இன்னும் சல்லடை மேலதான் இருக்கோமா, கீழ விழுந்துட்டோமான்னு யாருக்கும் தெரியாது" என்று சொன்னேன். "அப்போ சல்லடையை ஆட்டுறது யாரு டீச்சர்?" என்கிறாள்.

---

அனுப்புநர்: தி.

அதைத்தான் நானும் கேட்கிறேன். சல்லடை என்றால் ஆட்ட ஒரு கை வேண்டும். கண்டத்துக்கு யாரும் வேண்டாம், அது தானாக வரும். பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுகிறேன். அடுத்த பதிப்பின்போது பெருங்கண்டத்தை மறுபடியும் முன்வைப்பேன்.