புல்லட் 350, இரும்பு எஞ்சின்: ரப்பர் ரிங் மூன்று முறை மாற்றியும் ஆயில் சொட்டுகிறது

கேள்வி:
1994 மாடல் ஸ்டாண்டர்டு 350. இடது பக்கம் பிரைமரி கேஸுக்கு (எஞ்சினிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் செயினும் கிளட்சும் இருக்கும் பெட்டி) அடியில் ஒழுகல். ராத்திரி நிறுத்தினால் காலையில் தரையில் உள்ளங்கை அளவு கறை. பிரைமரி கவரின் ரப்பர் ரிங்கை மூன்று முறை மாற்றியாச்சு. நட்டை இன்னும் இறுக்கிப் பார்த்தேன், ஒழுகல் கூடியதுதான் மிச்சம். வண்டி வாரத்துக்கு ஒரு நாள்தான் ஓடும். கிளப்பும் முன் டிப்ஸ்டிக் பார்ப்பேன். குறைவாகக் காட்டினால் 20டபிள்யூ50 எஞ்சின் ஆயில் ஊற்றி நிரப்பிவிடுவேன். எஞ்சினைப் பிரிக்காமல் வீட்டிலேயே சரி செய்ய வழி உண்டா?

பதில் 1:
முதலில் அந்த நட்டை விட்டுவிடுங்கள். கவர் முழுவதையும் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே நட். அதை ஓவராக இறுக்கினால் நடுப்பகுதி உள்ளே போய் விளிம்பு தூக்கிக்கொள்ளும். எத்தனை ரிங் மாற்றினாலும் அந்த இடைவெளி அடையாது.

அடுத்தது, ஒழுகுவது எந்த ஆயில் என்று கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சின், பிரைமரி, கியர் பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி ஆயில். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். பிரைமரியைக் காலி செய்து சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்) ஊற்றுங்கள், நிறத்தை வைத்து அடையாளம் தெரியும். கவரில் இருக்கும் லெவல் ஸ்க்ரூவைக் கழற்றி வைத்துக்கொண்டு, அதில் சொட்டும்வரை ஊற்றினால் போதும். ஏறத்தாழ 400 மில்லி பிடிக்கும். பிறகு வெளிப்பக்கத்தை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி 20 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும் என்பதால் சொட்டும் இடத்தைப் பார்க்காதீர்கள். பவுடர் நனைந்த கோடு மேலே எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள்.

பதில் 2:
எனக்குச் சந்தேகம் டிப்ஸ்டிக் பார்க்கும் முறையில். இது டிரை சம்ப் எஞ்சின், அதாவது ஆயில் கிராங்க் கேஸில் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறை) தங்காமல் தனி ஆயில் டாங்கியில் இருக்கும். ஒரு வாரம் சும்மா நின்றால் டாங்கியில் உள்ள ஆயில் பம்ப் வழியாகக் கிராங்க் கேஸுக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் குறைவாகக் காட்டுவது இயல்புதான். நீங்கள் அதற்கு மேல் ஊற்றுகிறீர்கள், மொத்த ஆயில் கூடிக்கொண்டே போகிறது. கிளப்பியதும் முதல் நிமிடம் நீலப் புகை வருமே?

எஞ்சினுக்கு அடியில் இரண்டு டிரெயின் போல்ட் உண்டு, ஒன்று டாங்கிக்கு, மற்றது கிராங்க் கேஸுக்கு. அடுத்த முறை கிளப்பும் முன் கிராங்க் கேஸ் போல்ட்டை மட்டும் திறந்து வருவதை அளந்து சொல்லுங்கள். பிரீதர் ஹோஸையும் (கிராங்க் கேஸ் காற்று வெளியேறும் குழாய்) கழற்றி, அதன் ரப்பர் வால்வில் ஊதிப் பாருங்கள். வெளிப்பக்கமாக மட்டும் காற்று போக வேண்டும். இழுத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
புகை வருகிறது. கிராங்க் கேஸில் 600 மில்லி வந்தது. பிரீதர் வால்வு கல் மாதிரி இறுகி, இரண்டு பக்கமும் அடைப்பு. ஏடிஎஃப் ஊற்றி 60 கிலோமீட்டர் ஓட்டிய பின் லெவல் ஸ்க்ரூவைத் திறந்தால் அரை டம்ளர் வழிந்தது. நிறம் கறுப்பு.

பதில் 2:
அப்படியானால் எஞ்சின் ஆயில்தான் பிரைமரிக்குள் போகிறது. பிரீதர் அடைபட்டால் கிராங்க் கேஸ் அழுத்தம் வெளியேற வழியில்லை. தேங்கிய ஆயிலை அது கிராங்க் ஷாஃப்டின் இடது சீல் வழியாகத் தள்ளுகிறது. பிரைமரி நிரம்பி, பலவீனமான இடத்தில் கசிகிறது. கிளட்ச் வழுக்கினால் அதுவும் இதனால்தான்.

வரிசை இது. புதிய பிரீதர் வால்வு, ஹோஸில் மடிப்பு இல்லாமல். டாங்கி, கிராங்க் கேஸ் இரண்டையும் காலி செய்து, ஏறத்தாழ இரண்டே கால் லிட்டர் அளந்து ஊற்றுங்கள். இனிமேல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இரண்டு நிமிடம் பொறுத்த பின்தான் டிப்ஸ்டிக். டிரெயின் போல்ட்டின் செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகும், திரும்பப் பயன்படுத்தலாம்.

பதில் 1:
பிரைமரி கவரை எடுக்க இடது ஃபுட்ரெஸ்ட்டும் பிரேக் பெடலும் கழற்ற வேண்டும். கவரைக் கண்ணாடித் தகட்டில் கவிழ்த்து வையுங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது, கண்ணாடி மேல் 400 நம்பர் எமரி தாள் விரித்து எட்டு போடுவது போலத் தேயுங்கள். ரிங் உட்காரும் பள்ளத்தில் பழைய அனபான்ட் (கசிவை அடைக்கும் பசை) ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது. நட்டைக் கவர் ஒட்டியதும் கால் சுற்றோடு நிறுத்துங்கள். எஞ்சினின் வலப்பக்க மூடியான டைமிங் கவர் பக்கம் அனபான்ட் பூசவே வேண்டாம். பிதுங்கிய துண்டு ஆயில் துவாரத்தை அடைத்தால் பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ் பேரிங்) போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
இரண்டு வாரம் ஓட்டியாச்சு. தரை காய்ந்திருக்கிறது. லெவல் ஸ்க்ரூவில் ஏடிஎஃப் சிவப்பாகவே சொட்டுகிறது. பிரைமரியின் பின்பக்கம் மட்டும் லேசான ஈரம்.

பதில் 2:
சீல் தப்பித்தது. ஈரம் ஆல்டர்நேட்டர் ஒயர் வெளியே வரும் ரப்பர் குரோமெட்டில் இருக்கும். அதை மாற்றி, ஒயரைச் சுற்றி மெல்லிசாக அனபான்ட் வையுங்கள். ஒரு வாரம் நின்ற பிறகு கிராங்க் கேஸை மறுபடி அளந்து பாருங்கள். இன்னும் கால் லிட்டருக்கு மேல் இறங்கினால் ஆயில் பம்ப்பின் டிஸ்க்கை மெல்லிய கிரைண்டிங் பேஸ்டில் லேப் செய்ய (தேய்த்துச் சமப்படுத்த) வேண்டும். முடித்ததும் பேஸ்ட் துளியும் தங்காமல் மண்ணெண்ணெயில் கழுவுங்கள்.