சிறு தொழில்களால் பெரிய சமூகப் பிரச்சினைகள் தீருமா?

கேள்வி:
வளரும் நாடுகளில் வறுமை, மருந்துத் தட்டுப்பாடு என்று எதை எடுத்தாலும் சிறு தொழில்கள்தான் தீர்வு என்கிறார்கள். வேலை கொடுக்கிறார்கள், சரி, உலக வங்கிக் கணக்குப்படி உலக வேலைவாய்ப்பில் பாதிக்கு மேல் சிறு, நடுத்தர நிறுவனங்களில்தான். அதைத் தாண்டி, அரசு எட்ட முடியாத இடத்தில் ஒரு சின்னக் கடைக்காரர் எதையாவது செய்து காட்டியிருக்கிறாரா? உதாரணத்தோடு சொல்லுங்கள்.

பதில் 1:
தான்சானியாவைப் பாருங்கள். கிராமப்புறங்களில் முறையான மருந்தகம் மிகக் குறைவு, இருந்ததெல்லாம் சின்ன மருந்துக் கடைகள். டாக்டர் சீட்டு தேவைப்படாத மருந்துகளை விற்க மட்டுமே அவற்றுக்கு அனுமதி, ஆனால் ஆன்டிபயாடிக்கும் விற்றார்கள், போதிய பயிற்சியும் இல்லை. அரசு இழுத்து மூடியிருக்கலாம். மூடியிருந்தால் குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது அம்மா எங்கே ஓடுவாள்? 2003-ல் ருவுமா பகுதியில் வேறு வழியில் போனார்கள்: விற்பவருக்குப் பயிற்சி, கடைக்கு அங்கீகாரம், சீட்டு மருந்துகளில் குறிப்பிட்ட சிலவற்றைச் சட்டப்படியே விற்க அனுமதி, கூடவே சோதனை. அப்புறம் மற்ற பகுதிகளுக்கும் பரவியது. விதியை மீறி விற்ற அதே மாதிரிக் கடைகளை அரசு தன் சுகாதார ஏற்பாட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது, எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

பதில் 2:
கென்யாவில் மொபைல் வழியாகப் பணம் அனுப்ப உதவும் எம்-பெசா சேவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2007-ல் வந்தது. சேவை பெரிய தொலைபேசி நிறுவனத்தினுடையது, ஆனால் மக்களிடம் பணத்தை வாங்குவதும் கொடுப்பதும் கமிஷனுக்கு வேலை செய்யும் சின்னக் கடைகள்தான். வங்கிக் கிளை இல்லாத இடத்திலும் கடை இருந்தது. 2016-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, இதனால் சுமார் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டதாகக் கணக்கிட்டது; பெண்கள் தலைமையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பலன் இன்னும் அதிகம்.

பதில் 3:
இரண்டும் நல்ல உதாரணம். ஆனால் கடனைக் கொடுத்தால் போதும், ஏழை தானாகத் தொழில் செய்து மேலே வந்துவிடுவார் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்தியா, மொராக்கோ, மெக்சிகோ உட்பட 6 நாடுகளில் நுண்கடனை, அதாவது ஏழைகளுக்குக் கொடுக்கும் சின்னத் தொகைக் கடனை, சோதித்த ஆய்வுகள் 2015-ல் ஒன்றாக வெளிவந்தன. பலன் கொஞ்சம் உண்டு, வாழ்க்கையே மாறும் அளவுக்கு இல்லை. மேலே சொன்ன கடைகளுக்குப் பின்னால் பயிற்சியோ, கமிஷனோ, கண்காணிப்போ ஏதோ ஒன்று நின்றது. தனியாகக் கடன் வாங்கித் தையல் மிஷின் போட்ட பெண்ணுக்கு அது எதுவும் இல்லை, வாரத் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, அந்தத் தவணை விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. மருந்துக் கடைப் பயிற்சியில் என்னென்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.