லண்டன் கன்சல்டிங் வேலைக்கு வர்றவங்களுக்கு: டைம்ஷீட்ல உண்மையான நேரத்தை எழுதுங்க

தம்பி, அடுத்த மாசம் சேரப்போறேன்னு எழுதியிருந்தீங்க. சேர்ற அன்னைக்குக் கையெழுத்துக்கு வர்றதுல ஒண்ணை மட்டும் நிதானமாப் படிங்க. இங்கே 1998 வேலைநேர விதிப்படி வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம்தான் உச்சவரம்பு. 17 வாரத்துக்குச் சராசரி பார்ப்பாங்க. அந்த வரம்பு எனக்கு வேண்டாம்னு நாமே எழுதிக்கொடுக்கிற தாள் அது. மறுத்தா வேலையை விட்டு எடுக்கவோ ஓரங்கட்டவோ சட்டத்துல இடமில்லை. கையெழுத்து போட்டுட்டாலும் 7 நாள் முன்னாடி சொல்லி வாபஸ் வாங்கலாம். அந்தத் தாள்லயே அதைவிட அதிக நாள் எழுதியிருந்தா, அதிகபட்சம் 3 மாசம் முன்னாடி சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனா என்னை அதிகமா வாட்டினது டைம்ஷீட்தான், அதாவது எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு நாமே பதியற கணக்கு. முதல் ப்ராஜெக்ட்ல மேனேஜர், "பட்ஜெட் இறுக்கமா இருக்கு, பார்த்து எழுதுங்க"ன்னு சொன்னார். குறைச்சு எழுதுன்னு வாய்விட்டு ஒருநாளும் சொல்லல. குறிப்பறிஞ்சு நடக்கிறதா நினைச்சு, ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பிட்டு ஏழரை மணி நேரம்னு பதிஞ்சேன். நாலு மாசம் இப்படியே. வருஷக் கடைசி மதிப்பீட்டுல "எதிர்பார்த்த அளவு"ன்னு ஒரே வரி வந்தது. கணக்குப்படி நான் சாதாரண நேரத்துல சாதாரண வேலை செஞ்சவன், அவ்வளவுதான். அதே கிளையன்ட்டோட அடுத்த வேலைக்கு அந்தப் பொய்க்கணக்கை வச்சே விலை பேசினாங்க. அதுல மாட்டினவங்க எனக்குப் பின்னாடி வந்த பிள்ளைங்க. அது எனக்கு இன்னமும் உறுத்துது.

அடுத்த ப்ராஜெக்ட்ல இருந்த பார்ட்னர் அம்மா, அதாவது கம்பெனிப் பங்குதாரர், வேற மாதிரி. வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, "இந்த 38 மணி நேரம் நிஜமா?"ன்னு கேட்டாங்க. தயங்கித் தயங்கி 56ன்னு சொன்னேன். கோபப்படல. திங்கட்கிழமையே கிளையன்ட்கிட்ட, கேட்ட வேலை ரெண்டு தடவை கூடிப்போச்சுன்னு எடுத்துச் சொல்லி, கூடுதல் கட்டணமும் இன்னொரு ஆளும் வாங்கிட்டு வந்தாங்க. நான் உண்மையைச் சொல்லாம இருந்தா அவங்களால அதைப் பேசியிருக்கவே முடியாது.

அதனால ஒரு டீம்ல சேரும் முன்னாடி, அங்கே இருக்கிற ஜூனியர்கிட்ட டீ குடிக்கும்போது "டைம்ஷீட் எப்படி எழுதுவீங்க?"ன்னு கேளுங்க. பதில் சொல்லும்போது முகத்தைப் பாருங்க.

விசா பயத்தைக் காட்டி யாரும் உங்களை மடக்க விடாதீங்க. மேனேஜர் முகம் சுளிச்சா விசா போயிடாது. பெஞ்ச்ல, அதாவது ப்ராஜெக்ட் இல்லாம உட்கார்ந்தாலும், நிரந்தர வேலைன்னா சம்பளம் வரும். வேலையே முடிஞ்சா, ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேத்த கம்பெனி, ஹோம் ஆபீஸுக்கு (இங்கத்த உள்துறைக்கு) தெரிவிப்பாங்க. அங்கிருந்து கடிதம் வந்தப்புறமும் வேற ஸ்பான்சர் தேடவோ ஊருக்குக் கிளம்பவோ வழக்கமா 60 நாள் கிடைக்கும்.

— அண்ணா, நேரடியாவே குறைச்சு எழுதச் சொன்னா என்ன செய்ய?

அன்னைக்கே மரியாதையா ஒரு மெயில் போடுங்க: "இந்த வாரம் 52 மணி நேரம் ஆச்சு, 37.5ன்னு பதியச் சொன்னீங்க, சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?" எனக்குத் தெரிஞ்ச மூணு பேர் இப்படிக் கேட்டாங்க. மூணு பேருக்கும் "இல்ல இல்ல, ஆனதை எழுதுங்க"ன்னுதான் பதில் வந்தது. அப்படியும் நெருக்கினா, வேலையிடப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்ற ஏகாஸ் (Acas) அமைப்போட உதவி எண்ணுக்குப் பேசுங்க, ஆலோசனை இலவசம். வீட்டுல ஒரு நோட்டுல தினமும் வந்த நேரம், போன நேரம் குறிச்சு வைங்க. கிளையன்ட் பேரு, வேலை விவரம் எதுவும் அதுல வேண்டாம்.