ஏசிஎல் ஆபரேஷன் ஆகி மூன்றரை மாதம், வலி இல்லை: பேட்மிண்டன் ஆடலாமா?

ஜெலுத்தோங் டபுள்ஸ்:
வணக்கம். வயது 36, பினாங்கு. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, ஷிஃப்ட் முழுக்க நின்றபடிதான். கோர்ட்டின் பின்மூலையில் பேக்ஹேண்ட் பக்கம் வந்ததைத் தலைக்கு மேலே எம்பி அடித்துவிட்டு இடது காலில் இறங்கினேன். 'டப்' என்று உள்ளே ஒரு சத்தம். வீடு போய்ச் சேர்வதற்குள் முட்டிச் சில்லே தெரியாத அளவு வீக்கம். ஸ்கேனில் ஏசிஎல், அதாவது முட்டிக்குள் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார், அறுந்திருந்தது. அதற்குப் பதிலாகப் பின்தொடை நாரை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது வலியே கிடையாது. நான்காவது மாடி, லிஃப்ட் இல்லாத ஃப்ளாட். ஏறிவிடுகிறேன், இறங்கும்போது மட்டும் கை தானாகக் கம்பியைப் பிடிக்கிறது. நேற்று மனைவி தையல் டேப் வைத்து அளந்தாள்: வலது தொடை 52 செ.மீ., இடது 48.5. மல்லாந்து படுத்தால் இடது முட்டிக்கு அடியில் இரண்டு விரல் நுழைகிறது, வலதில் நுழையவில்லை.

பிசியோ மாதம் ஒருமுறைதான். வீட்டில் செய்யச் சொன்னதை இரண்டாம் மாதத்தோடு விட்டுவிட்டேன், வலிதான் போய்விட்டதே என்று. டாக்டர் ஒன்பது மாதம் என்கிறார். பதினாறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் அதே நாலு பேர். முன்னால் நின்று மெதுவாக ஆடினால் என்ன?

கிள்ளான் கீப்பர்:
போகாதே தம்பி. எனக்கு ஃபுட்சாலில் வலது முட்டி. ஐந்தாம் மாதம், சும்மா கோலில் நிற்கிறேன் என்று போனேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. பந்து பக்கவாட்டில் வந்தது, திரும்பினேன். பாதம் தரையிலேயே நின்றது, முட்டி மட்டும் திரும்பியது. மறுபடி ஆபரேஷன், இந்தத் தடவை நல்ல காலிலிருந்து நார் எடுத்தார்கள். மகள் அப்போது கைக்குழந்தை. மாதக்கணக்கில் அவளைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. மெதுவாக ஆடுகிறேன் என்று நீ சொல்லலாம், எதிரில் அடிப்பவன் மெதுவாக அடிப்பானா?

செந்தூல் பிசியோ:
அண்ணா, காலை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன், ஆனால் நீங்கள் தந்த அளவுகளே நிறையச் சொல்கின்றன. வலி போனதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். புதிதாக வைத்த நாருக்கு முதலில் ரத்த ஓட்டம் இல்லை. உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துத்தான் திரும்பக் கட்டுகிறது. அதனால் முதல் சில மாதங்களில் அது வைத்த நாளைவிடப் பலவீனமாக இருக்கும், முட்டி சரியாகிவிட்டது போலத் தோன்றுவதும் அதே சமயம்தான். 2016-இல் வந்த டெலவேர்–ஓஸ்லோ ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

முதலில் அந்த இரண்டு விரல். முட்டி முழுசாக நீளாவிட்டால் முன்தொடை முழுப் பலத்தோடு வேலை செய்யாது. குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள், முட்டிக்கு அடியில் ஒன்றும் வேண்டாம். தொடையை இறுக்கிச் சில்லை மேலே இழுத்து விடுங்கள். பத்து நிமிஷம், தினம் மூன்று தடவை. இரண்டு வாரத்தில் இடைவெளி குறையாவிட்டால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே தழும்பு வளர்ந்து தடுப்பதுண்டு.

பலத்துக்கு உங்கள் மாடிப்படியே போதும். கம்பி பக்கத்தில் நில்லுங்கள். இடது காலில் நின்று, வலது குதிகாலால் கீழ்ப்படியைத் தொட்டு மெல்ல மேலே வாருங்கள். எட்டு தடவை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். ஷிஃப்டுக்கு முன்பே செய்துவிடுங்கள். முட்டி உள்பக்கம் சாயக்கூடாது. ஆட்டத்துக்குப் போகும் முன் இடது தொடையின் பலம் வலதில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும், அதை மெஷினில் அளந்து பார்க்க வேண்டும்.

ஜெலுத்தோங் டபுள்ஸ்:
நன்றிம்மா. கைபேசியைப் படியில் சாய்த்து வைத்துப் படம் எடுத்தேன். வலது கால் எட்டும் நேராக. இடது கால் மூன்றாவதிலேயே முட்டி உள்ளே மடிகிறது, இடுப்பு ஒரு பக்கம் சரிகிறது. அப்போதும் வலி இல்லை, அதுதான் பயமாக இருந்தது. கிள்ளான் அண்ணே, ஞாயிறு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு 513 படி ஏறுவதாக அம்மா வேண்டியிருக்கிறார், என்னையும் கூப்பிடுகிறார். போகலாமா? இன்னொன்று, இரவு ஷிஃப்ட் முடிந்தால் கால் முழுக்கக் கனக்கிறது. முட்டி வீக்கத்தை எப்படித் தனியாகப் பார்ப்பது?

செந்தூல் பிசியோ:
சில்லின் நடுவில் டேப் வைத்து அளந்து, காலையிலும் வேலை முடிந்த பிறகும் எழுதி வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் கூடி, மறுநாளும் இறங்காவிட்டால் பயிற்சியைக் குறையுங்கள். கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தண்ணீர்மலை இப்போது வேண்டாம். ஏறிவிடுவீர்கள், 513 படியும் இறங்க வேண்டுமே. அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.