ஒரே வாயில் 3/8-உம் 7/16-உம்: இது என்ன ஸ்பேனர்?

ஜீப்புக்காரன், யாங்கோன்
அவசரம். நடைபாதைக் கடையில ஒரு பழைய ரெட்டை முனை ஸ்பேனர் எடுத்தேன். ஒரே வாயில 3/8, 7/16 ரெண்டும் அடிச்சிருக்கு. ஜீப்புல 3/8 போல்ட்டுக்குப் போட்டா லொடலொடன்னு ஆடுது, 7/16-க்கும் அப்படித்தான். போலிச் சரக்கா? கடைக்காரர்கிட்ட இதே மாதிரி இன்னும் ஒரு சாக்கு இருக்கு. எடுக்கலாமா?

பெகு பட்டறை
படம் எங்க தம்பி? வாய் அகலம் எத்தனை மி.மீ.? எண்ணுக்குப் பக்கத்துல எழுத்து இருக்கா? மறுமுனையில என்ன போட்டிருக்கு?

மோல்மீன் டீசல்
சண்டைக்காலத்துல ஜீப்போடவே வந்த அமெரிக்கச் சாமான் அது. தேய்ஞ்சு வாய் அகண்டிருக்கும். கண்ணை மூடிக்கிட்டு எடுங்க.

பழைய இரும்பு
கண்ணை மூடிக்கிட்டா, நல்ல யோசனை. இந்தக் கேள்விக்கு இங்கே பல தடவை பதில் சொல்லியாச்சு, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் கை வராது.

அமெரிக்க ஸ்பேனரில் போடுகிற எண், நட்டின் எதிரெதிர் தட்டைப் பக்கங்களுக்கு இடையே உள்ள அகலம். 9/16 என்றால் வாய் 9/16 அங்குலம், அதாவது 14.3 மி.மீ. பழைய பிரிட்டிஷ் ஸ்பேனரில் போடுகிற எண் போல்ட்டுத் தண்டின் விட்டம், வாய் அதைவிட நன்றாகப் பெரிது. 3/8 விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் பெருமரை) நட்டுக்கு 0.710 அங்குலம், 18.03 மி.மீ. பிரிட்டிஷ் தர (பி.எஸ்.) நுண்மரையில் 7/16 நட்டுக்கும் அதே 0.710. அதனால்தான் ஒரே வாயில் இரண்டு எண். உங்கள் ஜீப்பின் 3/8 போல்ட்டுத் தலை 14.3 மி.மீ.தான், ஆடாமல் என்ன செய்யும்? அளந்துவிட்டு வாருங்கள்.

ஜீப்புக்காரன்
வெர்னியர்ல 18.1. எழுத்து துருவுல தெரியல. ஒரு அம்பு இருக்கு, கீழே 1943. அழகுக்குப் போட்டதுன்னு நினைச்சேன். கைப்பிடியில நத்தை மாதிரி ஏதோ படம்.

பெகு பட்டறை
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! அம்பு பிரிட்டிஷ் அரசு உடைமைக் குறி. நத்தை, பர்மிங்ஹாம் சால்ட்லியில் இருந்த தாமஸ் ஸ்மித் அண்ட் சன்ஸ் முத்திரை. சாக்பீஸை எழுத்துமேல தேய்ச்சுத் துடைச்சிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வெச்சு அடிங்க. 3/8 பக்கத்துல விட்வொர்த்துக்கு டபிள்யூ, 7/16 பக்கத்துல பி.எஸ். தெரியணும்.

மோல்மீன் டீசல்
அம்பு கனடா சாமான்லயும் உண்டு. கனடா லாரி பர்மாவுக்கு எவ்வளவு வந்துச்சு!

பழைய இரும்பு
கனடா அம்பு சி எழுத்துக்கு உள்ளே இருக்கும். அந்த லாரிகளும் அமெரிக்க அளவுதான். அங்கே 3/8 பக்கத்தில் 7/16 எதற்கு?

தவுங்கூ மணி
முதல்ல துருவை எடுங்க. வினிகர்ல ராத்திரி ஊறப்போட்டா பளிச்.

பெகு பட்டறை
வேண்டாம். ராத்திரி முழுக்க விட்டா கறுப்பு மேல்பூச்சு போயிடும், முத்திரை ஓரம் மழுங்கிடும். அமெரிக்கச் சாமான்ல காட்மியம் பூச்சும் இருக்கலாம், நச்சு. அமிலத்துல போடாதீங்க, வயர் பிரஷ்ஷும் வேண்டாம். மின்பகுப்பு பண்ணுங்க: பிளாஸ்டிக் வாளியில 10 லிட்டர் தண்ணி, மூணு மேசைக்கரண்டி சலவைச்சோடா, பேட்டரி சார்ஜரோட மைனஸ் ஸ்பேனர்ல, பிளஸ் ஒரு பழைய இரும்புக் கம்பியில. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தொடக்கூடாது. பிளஸ்ல எவர்சில்வர் வைக்காதீங்க, நச்சுத் தண்ணியாயிடும். வெளிக்காத்துல வைங்க, ஹைட்ரஜன் வரும்.

தவுங்கூ மணி
அதுக்குக் கரண்ட் இருக்கணும்ல அண்ணே? இங்க நினைச்சப்ப போகுது. வினிகருக்கு ஜெனரேட்டர் வேணாம்.

பெகு பட்டறை
கரண்ட் வர்றப்ப பண்ணுங்க, அவசரம் என்ன? விட்டு விட்டுப் பண்ணாலும் கெடாது. ஆனா போனதும் தண்ணிக்குள்ள விடாம வெளியே எடுத்துடணும். கழுவி, வெயில்ல காயவெச்சு, உடனே எண்ணெய். மழைக்காலத்துல ஒரு மணி நேரம் சும்மா விட்டாப் போதும், திரும்ப மஞ்சள் பூத்துடும்.

தவுங்கூ மணி
வினிகரும் நாலு மணி நேரத்துல எடுத்து சோடாத் தண்ணியில கழுவினா ஒண்ணும் ஆகாது. எழுத்து மழுங்கறது தேய்க்கறவங்க கையில இருக்கு.

பழைய இரும்பு
வினிகர் சண்டையைத் தனியாகப் போடுங்கள். சாக்கு வாங்குகிறவருக்கு ஒரு எச்சரிக்கை: போர்க்காலத்தில் இரும்பை மிச்சம் பிடிக்க விட்வொர்த் தலைகளை ஒரு அளவு சிறிதாக்கினார்கள். போருக்கு முந்தைய 7/16 விட்வொர்த் நட்டு 0.820, அதற்குப் பின் வந்தது 0.710. ஆகவே போல்ட்டின் விட்டத்தை வைத்து ஸ்பேனர் தேடாதீர்கள், தலையை அளங்கள். இந்த ஸ்பேனரை ஜீப்பின் 11/16 நட்டில் போட்டால் அரை மி.மீ.க்கு மேல் இடைவெளி, நட்டின் மூலை உருண்டுவிடும். பழைய லாண்ட் ரோவர், பி.எஸ்.ஏ. மோட்டார்சைக்கிள் வைத்திருப்பவருக்குப் பயன்படும்.

ஜீப்புக்காரன்
டபிள்யூ தெரியுது. சாக்கு எடுத்தாச்சு. நன்றி.

பெகு பட்டறை
மறுமுனை அளவு இன்னும் சொல்லவே இல்லையே தம்பி? 5/16 விட்வொர்த்தா இருந்தா 15.24 வரணும்.

மோல்மீன் டீசல்
சாக்குல அம்பு சி-க்குள்ள இருக்கிறது ஒண்ணாச்சும் இருக்கும், பாருங்க.